பழைய இத்தாலிய ஸ்போர்ட் பைக்: வாங்குவது முதல் டயர் மாட்டுவது வரை, கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூருவிலோ சென்னையிலோ பழைய டுகாட்டி ஒன்று கட்டுப்படியாகும் விலைக்கு வந்துவிட்டால், அதை வாங்கி ஊருக்குக் கொண்டுவருகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே புது டயர் மாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சக்கர பேரிங் ஆடுவது தெரிகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் கசியும் எண்ணெய் புது டயரின் மீதே வழிகிறது. மறுபடியும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

டயர் கடைசியில் வர வேண்டிய செலவு. அதைத் தாங்கி நிற்கும் பாகங்கள் எல்லாம் சரியான பிறகே அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அளவில் டயர் கிடைக்குமா என்ற கேள்வியை மட்டும் பைக் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

1. பைக்கைப் பார்க்கும் முன் சக்கரத்தின் அளவைக் கேளுங்கள்

விற்பவரிடம் தொலைபேசியிலேயே டயர் அளவையும் ரிம்மின் அகலத்தையும் கேளுங்கள். ரிம்மின் அகலம் பெரும்பாலும் ரிம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு புகைப்படம் போதும்.

டுகாட்டி 916, 996 ஆகியவற்றுக்கு முன்னால் 120/70, பின்னால் 190/50. 748, 848, மான்ஸ்டர் 796 ஆகியவற்றுக்குப் பின்னால் 180/55. 1098க்கு 190/55. மான்ஸ்டர் 600க்கு 160/60. இவை எல்லாமே 17 அங்குலச் சக்கரங்கள். இன்றைய பெரிய பைக்குகளும் இதே அளவுகளில் ஓடுவதால் டயர் கிடைப்பதில் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் அதற்கு முந்தைய மாடல்களில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்து 900எஸ்எஸ் 170/60 அளவில் வந்தது. அந்த அளவை இன்று சிலரே தயாரிக்கிறார்கள். 1970களின் டுகாட்டிகளும் மோட்டோ குஸ்ஸி லெ மானும் 18 அங்குலச் சக்கரத்தில் ஓடுகின்றன. லெ மான் 1000இன் ஆரம்பகால வண்டிகளில் முன் சக்கரம் 16 அங்குலம். இப்படிப்பட்ட பைக் என்றால், டயர் எங்கிருந்து வரும் என்று உறுதி செய்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் டயரின் பக்கச் சுவர் உயரம். அகலத்தில் அது எத்தனை சதவீதம் என்று பொருள். 190/50 என்றால் 95 மில்லிமீட்டர். 180/55 என்றால் 99. 190/55 என்றால் 104.5. அதாவது 916இல் 190/50க்குப் பதிலாக 190/55 மாட்டினால் பைக்கின் பின்புறம் ஏறத்தாழ ஒன்பதரை மில்லிமீட்டர் உயரும். பைக் வேகமாகத் திரும்பும். அதே நேரம் செயினுக்கும் ஸ்விங்ஆர்முக்கும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) டயருக்கும் இடையிலான இடைவெளி குறையும். மாட்டிய பிறகு உரசுகிறதா என்று பார்ப்பதைவிட மாட்டும் முன்பே அளந்து பார்ப்பது நல்லது.

170/60க்கு உயரம் 102. ஐந்தரை அங்குல ரிம் இருந்தால் 180/55 மாட்டலாம். பின்புறம் 3 மில்லிமீட்டர்தான் தாழும். நாலரை அங்குல ரிம் என்றால் 160/60தான் சரி.

ஒரு தவறை மட்டும் யாரும் செய்யக் கூடாது. இங்குள்ள டயர் கடையில் உடனே கிடைக்கிறது என்பதற்காக, சிறிய ஸ்போர்ட் பைக்குக்கான 150/60 டயரை ஐந்தரை அங்குல ரிம்மில் இழுத்து மாட்டுகிறார்கள். அந்த டயர் நான்கு அங்குல ரிம்முக்கு வடிவமைக்கப்பட்டது. அகல ரிம்மில் அதன் வளைவு தட்டையாகிவிடும். ஓரம் ரிம்மின் பள்ளத்தில் சரியாக உட்காராது. நேர்ச்சாலையில் எதுவும் தெரியாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் தெரியும்.

2. ஆவணங்கள்

கர்நாடகப் பதிவெண் கொண்ட பைக் என்றால் படிவம் 28 வழியாக என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குவது விற்பவரின் வேலை. பணத்தின் ஒரு பகுதியை அது கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கிருஷ்ணகிரி என்றால் டி.என். 24, தர்மபுரி என்றால் 29, ஓசூர் என்றால் 70. தமிழ்நாட்டுச் சாலை வரி தனி. அதைப் பைக்கின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இறக்குமதி பைக்குகளுக்கு இந்தக் கட்டணம் சாதாரண பைக்கைவிடப் பல மடங்கு. தனிநபர் இறக்குமதி செய்த பழைய பைக் என்றால், சுங்கம் கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள். சட்டக எண் மூன்று இடங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: பைக்கில், ஆர்.சி.யில், சுங்க ஆவணத்தில். சுங்க ஆவணம் இல்லாத பைக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

3. விற்பவர் வீட்டில் பார்க்க வேண்டியவை

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ச் சேருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், காலையில் எடுக்கும்போது வரும் சிரமம் மறைந்துவிடும்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கங்கள் மட்டுமே இருந்தால் அந்த டயர் 2000க்கு முன் செய்யப்பட்டது. அதில் ஏறி ஓட்டிக்கூடப் பார்க்காதீர்கள். தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு ஆண்டுகளைத் தாண்டிய டயரை மாற்ற வேண்டியதாகவே நான் கணக்கில் எடுப்பேன். ரப்பர் வயதால் இறுகும். இறுகிய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

ரிம்மின் ஓரத்தை முழுச் சுற்றும் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கிய ரிம்மில் ஓர் இடத்தில் மட்டும் விளிம்பு உள்வாங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அடிபட்ட ரிம்மைத் தட்டி நிமிர்த்தியிருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் புதிதாக இருக்கும்.

போர்க்கின் பளபளப்பான குழாயைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி சில முறை அழுத்துங்கள். எண்ணெய் வளையம் தோன்றினால் சீல் போய்விட்டது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

4. டயருக்கு முன் பணம் போக வேண்டிய இடங்கள்

முதலாவது பெல்ட். மேலே சொன்ன 17 அங்குலச் சக்கர டுகாட்டிகளின் எஞ்சின்களில், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டை ரப்பர் பெல்ட் சுழற்றுகிறது. வால்வைத் திறப்பதும் மூடுவதும் இரண்டுமே கேமின் வேலை. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சினே போய்விடும். பைக் ஓடாமல் நின்றிருந்தாலும் ரப்பர் கெடும். அதனால் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் ஆண்டையும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பழைய மாடல்களுக்கு நல்ல வழக்கம்.

இரண்டாவது பெட்ரோல் பாதை. இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த பைக்குகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டாங்குக்குள் மூழ்கியிருக்கும் ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் ஊதி இளகும். பிளாஸ்டிக் டாங்க் உள்ள மாடல்களில் டாங்கே விரிந்து, போல்ட் துளைகள் சட்டகத்தோடு பொருந்தாமல் போகும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறுங்கள். பைக்கை நிறுத்தி வைக்கும் மாதங்களில் டாங்கைக் காலி செய்து வையுங்கள்.

மூன்றாவது சார்ஜிங். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் வயர் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அது சூடாகிக்கொண்டிருக்கிறது. மே மாத வெயிலில் காவேரிப்பட்டணம் தாண்டும்போது நின்றுபோகும் பைக்குகளில் இந்தக் காரணம் அடிக்கடி வரும்.

அடுத்து, டயரோடு நேரடித் தொடர்புள்ளவை. சக்கர பேரிங்கின் உள்வளையத்தில் விரலை நுழைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பேரிங் வழவழப்பாகச் சுழலும். மணல் அரைபடுவதுபோல் நெருடினால் அன்றே மாற்றுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், ஸ்டியரிங் பேரிங் தேய்ந்துவிட்டது. போர்க் எண்ணெய், பின் ஷாக், செயின் இறுக்கம் ஆகியவற்றையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஷாக் செத்த பைக்கில் பின் டயர் திட்டுத் திட்டாகத் தேயும்.

5. கருவிகள்

916, 1098 போன்ற பைக்குகளில் நடு ஸ்டாண்ட் கிடையாது. பின் சக்கரத்தைத் தூக்க பேடாக் ஸ்டாண்ட் வேண்டும். ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் உள்ள மாடலுக்கு, அச்சின் துளைக்குள் நுழையும் முள் கொண்ட ஸ்டாண்ட் தேவை. முள்ளின் விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். அளந்த பிறகு வாங்குங்கள். முன்பக்கத்துக்கு ஸ்டியரிங் தண்டின் அடியில் தாங்கும் ஸ்டாண்டே நல்லது. போர்க்கைக் கழற்றும் வேலைக்கும் அது உதவும்.

பின் சக்கர நட்டுக்குப் பெரிய சாக்கெட் வேண்டும். 916க்கு 46 மில்லிமீட்டர், 1098க்கு 55. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். 1098இன் பின் நட்டுக்கு 230 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். சிறிய ரெஞ்ச் அந்த அளவுக்கு வராது. லாரிப் பட்டறைகள் நிறைந்த ஊர் இது; பெரிய ரெஞ்ச் அங்கே கிடைக்கும். ஆனால் காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் அவர்களுடைய துப்பாக்கியை இந்த நட்டின் பக்கம் கொண்டுவர விடாதீர்கள். மெல்லிய மரை அதில் சிதைந்துவிடும்.

சொந்தமாகக் காற்று அளவுமானி ஒன்றும் வாங்குங்கள். அது ஏன் என்று ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

6. நம் சாலைக்கு எந்த வகை டயர்

நம் ஊரில் ஒரு வாரம் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று நேராகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44தான் பெரும் பகுதி. அதற்கு நடுவில் தோப்பூர் கணவாய். விடுமுறை நாளில் அஞ்செட்டி, ஒகேனக்கல், வத்தல்மலை. கிரானைட் குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் போகும் கிளைச்சாலைகளின் முகப்பில் எம்-சாண்டும் ஜல்லியும் சிதறியிருக்கும். அறுவடை முடிந்ததும் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளையும் தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். அதன் மீது சாய்ந்து திரும்பினால் எந்த டயரும் காப்பாற்றாது.

இந்தச் சாலைகளுக்குப் பந்தயத் தடத்துக்கான டயர் பொருந்தாது. பிரெல்லி சூப்பர்கோர்சா போன்றவை சூடேறினால்தான் பிடிக்கும். நேர்ச்சாலையில் அந்தச் சூடு ஓரங்களுக்கு வராது. பள்ளக் கோடுகள் குறைவாக இருப்பதால் ஐப்பசி மழையில் தண்ணீரை வெளியேற்றாது. மென்மையான நடுப்பகுதி நெடுஞ்சாலையில் விரைவில் தட்டையாகிவிடும்.

தட்டையான பின் டயரை நன்றாகப் பார்த்துவிடுங்கள். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சமமாகத் தேய்ந்து, அதன் இரு பக்கமும் மெல்லிய விளிம்பு தெரியும். வத்தல்மலை ஏறும் கொண்டை ஊசி வளைவில் சாயும்போது, பைக் முதலில் சாய மறுக்கும். பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென விழும். பைக்கின் சட்டகம் கோணலாகிவிட்டது என்று பயந்து மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு. பல நேரங்களில் டயர்தான் காரணம்.

என் தேர்வு ஸ்போர்ட் டூரிங் வகை. பிரெல்லி ஏஞ்சல் ஜிடி, மிஷலின் ரோடு 5, மெட்ஸ்லர் ரோட்டெக் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பின் டயரின் நடுப்பகுதி ரப்பர் கடினமாகவும் ஓரங்கள் மென்மையாகவும் இருக்கும். பெரும்பாலும் மலைப்பாதைக்காகவே பைக்கை எடுப்பவர் என்றால் பிரெல்லியின் டியாப்லோ ரோஸ்ஸோ போன்ற ஸ்போர்ட் வகையைப் பார்க்கலாம். 916இல் டூரிங் டயர் மாட்டினால் பைக்கின் கௌரவம் போய்விடும் என்று யாராவது சொன்னால், தோப்பூர் இறக்கத்தில் மழையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருக்கட்டும். இரண்டின் வளைவும் ரப்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. உள்ளிழைகள் ஓடும் திசையில் வேறுபடும் ரேடியலையும் சாதாரண வகையையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

7. கடையில்

2020 ஜூன் முதல் வெளிநாட்டு டயர்களை இறக்குமதி செய்ய உரிமம் தேவைப்படுகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். அதனால் இந்த அளவுகள் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. டயர் முழுதாகத் தேயும்வரை காத்திருக்காதீர்கள். தடத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறியை நெருங்கும்போதே சொல்லி வையுங்கள்.

வேக எழுத்தையும் பாருங்கள். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. அந்த வேகத்தில் நீங்கள் போகப்போவதில்லை. ஆனால் அந்த எழுத்து, டயரின் உடல் எவ்வளவு சூட்டையும் விசையையும் தாங்கும் என்பதன் அளவு. பைக்கின் கையேட்டில் சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள்.

தேதி இலக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். தள்ளுபடி விலையில் வருகிற டயர் பல நேரம் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததாக இருக்கும்.

8. கழற்றி மாட்டும் வரிசை

பைக்கைக் கடைக்குக் கொண்டுபோவதைவிட, சக்கரங்களை வீட்டில் கழற்றிக் காரில் எடுத்துச் செல்வதையே பரிந்துரைக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். பெரிய பைக் டயர்களைக் கையாளும் கடையில், ரிம்மைக் கீறாத இயந்திரம் இருக்கும். ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் சக்கரத்தின் நடுத்துளை பெரியது. அதை பேலன்ஸ் செய்யத் தனிக் கூம்பு வேண்டும். அது இருக்கிறதா என்று போகும் முன் கேட்டுவிடுங்கள்.

அ. பின் நட்டின் கிளிப்பை எடுத்துவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்துங்கள். இன்னொருவர் பின் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு அவ்வளவு விசையோடு இழுத்தால் பைக் சரிந்துவிடும்.

ஆ. முதலில் பின்புறத்தைத் தூக்குங்கள், பிறகு முன்புறம். பின்புறம் உறுதியாக நின்றால்தான் முன்புறத்தைத் தூக்கும்போது பைக் ஆடாது.

இ. பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் முன் காலிபர்களைக் கழற்றி, பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பேடுகளுக்கு இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகுங்கள். யாராவது தெரியாமல் பிரேக் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

ஈ. கடையில் சக்கரத்தின் காற்று வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். 90 டிகிரி வளைந்த உலோக வால்வு கேளுங்கள். முன்னால் இரண்டு பெரிய பிரேக் தட்டுகள் இருப்பதால், நேர் வால்வில் பங்க்கின் காற்றுக் குழாய் நுழையவே இடம் இருக்காது. டயர் ஏற்ற அதற்குரிய பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். எஞ்சின் ஆயில் தடவினால் பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மீது நழுவும்.

உ. டயரின் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று கடையைவிட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். வீட்டில் கண்டுபிடித்தால் மறுபடியும் 90 கிலோமீட்டர்.

ஊ. முன் சக்கரத்தை மாட்டும்போது அச்சை மட்டும் முதலில் இறுக்குங்கள். காலிபர்களை மாட்டி, பைக்கைத் தரையில் இறக்கி, போர்க்கைச் சில முறை அழுத்தி விடுங்கள். அதன் பிறகே அச்சைப் பிடிக்கும் சிறிய போல்ட்டுகளை இறுக்குங்கள். அப்போதுதான் இரண்டு போர்க் கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். இதை மாற்றிச் செய்தால் போர்க் இறுகி, சின்னப் பள்ளம்கூடக் கைக்கு உதைக்கும்.

எ. பின் நட்டின் மரையில் கிரீஸ் தடவி, கையால் முடுக்கி, பைக்கை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள். கிளிப்பை மறக்காதீர்கள்.

ஏ. நகர்த்தும் முன் பிரேக் லீவரை இறுக்கம் வரும்வரை பலமுறை அழுத்துங்கள். சக்கரத்தை மாட்டும்போது பேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது. வாசலிலேயே விழுந்தவர்கள் இதை மறந்தவர்கள்தான்.

9. காற்று

காலையில், பைக்கை எடுக்கும் முன், சொந்த அளவுமானியால் பாருங்கள். பங்க் வரை ஓட்டிப் போய்ப் பார்த்தால் டயர் சூடாகி அளவு கூடுதலாகக் காட்டும். கையேட்டில் பார் கணக்கில் இருந்தால், பி.எஸ்.ஐ. அளவு கிடைக்க 14.5ஆல் பெருக்குங்கள்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று இங்கே பரவலாகச் சொல்கிறார்கள். அது தவறு. காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகம் மடங்கி விரியும். அதனால் டயர் இன்னும் சூடாகும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது தேவையைவிடக் கீழே நிற்கும்.

10. முதல் 150 கிலோமீட்டர்

புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். வேகத்தையும் சாய்வையும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ ராயக்கோட்டைச் சாலையிலோ காலை நேரத்தில் ஓட்டலாம். வளைவுகள் மெதுவானவை. நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டினால் நடுப்பகுதி மட்டுமே பழகும். ஓரம் அப்படியே புதிதாக இருக்கும். சுங்கச் சாவடிகளில் இரு சக்கர வாகனங்களுக்கான ஓரப்பாதையில் மணல் சேர்ந்திருக்கும். அங்கே பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். முதல் நாள் ஓட்டிய பிறகு அச்சு, காலிபர் போல்ட்டுகளை மறுபடியும் சரிபாருங்கள்.

11. பஞ்சரும் நிறுத்தி வைப்பதும்

சீமைக் கருவேல முள்ளும் லாரிகளிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்குகளும் நம் பக்கம் ஏராளம். பஞ்சர் குச்சிகளும் சிறிய காற்றடிப்பானும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். அஞ்செட்டிக் காட்டுப்பாதையில் பஞ்சர் கடையைத் தேட முடியாது. தடத்தின் நடுப்பகுதியில் குத்தியதை மட்டும் அடைக்கலாம். பக்கச் சுவரிலோ ஓரத்திலோ குத்தினால் டயரை மாற்றத்தான் வேண்டும். அடைத்த டயரில் மெதுவாக வீடு வந்து சேர்ந்ததும், கழற்றி உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தகரக் கொட்டகையில் பைக்கை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். சூடு ரப்பரை உலர்த்தி வெடிக்கச் செய்யும். வெல்டிங் நடக்கும் இடமும் கம்ப்ரசர் ஓடும் இடமும் கூடாது. அங்கே உருவாகும் ஓசோன் பக்கச் சுவரில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கும். நிறுத்தும் மாதங்களில் இரண்டு சக்கரங்களையும் ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறை பைக்கை அரைச் சுற்று நகர்த்தி, டயர் தரையில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.